நேரில் கண்டேன்

செங்கோட்டை சார்நிலைக் கருவூலம்.
ஆனிச் சாரலில் கோப்பெல்லாம்
அப்பளம்போல் நமத்துக் கிடக்கிறது.
ஓய்வூதியர் நேர்காணல், கடைசி வாரம்.
உயிரோடிருப்பதைக் காட்ட வரிசையில் நிற்கிறார்கள்.

சாலைப் பணியாளர் மைதீன் பிச்சைக்கு ரேகை விழவில்லை.
தார் காய்ச்சித் தேய்ந்த விரல்.
"எதுத்தாப்லதான நிக்கேன் சார்" என்கிறார்.
இயந்திரம் நம்ப மறுக்கிறது.
ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தோம்.
எட்டாவது விரலில் உயிரோடிருந்தார்.

ஆட்டோவை விட்டு இறங்க முடியாத கோமதிநாயகம் வாத்தியாருக்கு
நானே குடையோடு வாசலுக்குப் போனேன்.
வராதவர்க்கு அடுத்த மாதம் பணம் நிற்கும்.

கைப்பேசியில் டெல்லி:
ஆஸ்பத்திரி வாசல், இரும்புக் கதவு, மழைக்கோட்டுக் காவலர்.
நாட்டின் தலைவர் உள்ளே போய் நாற்பத்து மூன்று நாள்.
முதல் அறிக்கையில் லேசான காய்ச்சல்.
ஒன்பதாவதில் ஓய்வு.
பதினான்காவதில் கோப்புகளைப் பார்த்தாராம்.
என்ன நோய் என்று ஒன்றிலும் இல்லை.

போன மாதம் எனக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு.
நோயின் பெயரில்லாத சான்றிதழைத்
திருப்பிக் கொடுத்தார் கண்காணிப்பாளர் செண்பகவல்லி.
பெயர் எழுதி வாங்கி வந்தேன்.
அலுவலகமே படித்தது.

மதியம் ஆரியங்காவுக்குப் பஸ்.
புளியரை எஸ் வளைவில் லாரியொன்று குறுக்கே படுத்துவிட
டீக்கடையில் ஒரு மணி நேரம்.
தமிழ்ச் சேனலில் உடல்நிலை "சீராக உள்ளது".
மலையாளச் சேனலில் "திருப்திகரம்".
"யாருக்குத் திருப்தியாம்?" என்றார் ஒரு பலாப்பழ வியாபாரி.
கடைக்காரர் வேறு சேனலுக்கு மாற்றினார்.
அங்கேயும் அதே கதவு.

ரப்பர் தோட்டத்துக்குள் ஏலியம்மாவின் வீடு.
தென்காசி அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருசம் நர்ஸ்.
இப்போது மூக்கில் குழாய்.
விதிப்படி பெயர் கேட்டேன். சொன்னார்.
விதிப்படி முகம் பார்த்தேன்.
மூத்திரப் பை தெரிகிறதென்று
மகள் அவசரமாகப் போர்வையை இழுத்துவிட்டாள்.
நான் சன்னலுக்குத் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஒரு கணம் டெல்லிக் கதவின் கட்சியில் இருந்தேன்.
அவரும் ஓர் உடம்புதானே பாவம், விட்டுவிடலாமே.

ஏலியம்மா குழாயை மீறிப் பேசினார்,
தமிழில் பாதி, மலையாளத்தில் பாதி.
"திரை போடுவோம் சாரே. அது நோயாளிக்கு மரியாதை.
ஆனா சார்ட் கட்டில் கால்ல தொங்கும்.
டியூட்டி மாறி வர்றவளுக்குத் தெரியண்டே,
என்ன மருந்து, எத்தனை மணிக்கு, ராத்திரி யார் பொறுப்புன்னு?"
மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்:
"அங்கே இப்ப டியூட்டி யாரு?"

தெரியாது என்றேன்.
படிவத்தில் எழுதினேன்: நேரில் கண்டேன்.

சாயங்காலம் மேசையில் ஓர் உத்தரவின் நகல்.
அடியில் தலைவரின் கையெழுத்து, முந்தாநாள் தேதி.
இருபத்திரண்டு வருசமாகக்
கையெழுத்தை ஒப்பிட்டுத்தான் பிழைக்கிறேன்.
எங்கும் தயங்காத, ஒரே மூச்சில் இழுத்த கோடு.
நாற்பது நாள் படுத்த கை இப்படி எழுதாது.
எழுதவும் செய்யலாம்.
எனக்கெப்படித் தெரியும்?
பக்கத்தில் நின்றவர் யாரென்று அதில் இல்லை.

"பதிவுல ஏத்திட்டீங்களா?" என்றார் செண்பகவல்லி.
எண், தேதி, பொருள் எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.

காலையில் வாங்கிய ரசீது சாரலில் கரைந்துபோயிற்றென்று
மைதீன் பிச்சை மறுபடி வந்து நின்றார்,
ஈர விரல்களைச் சட்டையில் துடைத்தபடி.
"இன்னொருக்க எல்லாத்தையும் வைக்கணுமா சார்?"

வேண்டாம் பாய்.
அதான் நான் பாத்தேனே.